டப் இசையும் கனமான பேஸ்லைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல வருஷமா டப் கேட்டுட்டு இருக்கேன். அது என்ன பாட்டு, எங்க கிடைக்கும், ஏன் பாடவே மாட்டேங்குறாங்கன்னு வீட்டுக்கு வர்றவங்க, கூட வேலை பார்க்குறவங்க, அவங்களோட ஃப்ரெண்ட்ஸ்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்து பதில் எழுதியிருக்கேன்.

டப்னா என்ன? டப்பிங் படத்துக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

வார்த்தை ஒண்ணு தான், ஒரு டேப்புல இருக்குறத இன்னொரு டேப்புக்கோ இசைத்தட்டுக்கோ ஏத்துறத டப் பண்றதுன்னு சொல்வாங்க, அதுலருந்து வந்தது தான் ரெண்டுமே. ஆனா இந்த டப் ஜமைக்காவோட தலைநகர் கிங்ஸ்டன்ல 1960கள் கடைசில பிறந்த இசை. ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணின ஒரு ரெகே பாட்டை (ரெகேனா பாப் மார்லி பாடின ஜமைக்கா இசை வகை) எடுத்து, பாடுற குரலை பெரும்பாலும் நீக்கிட்டு, டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் முன்னாடி கொண்டுவந்து, மத்த வாத்தியங்களை அப்பப்போ உள்ள விட்டு வெளிய எடுத்து, எக்கோவும் ரிவெர்பும் (பெரிய ஹால்ல வர்ற மாதிரி முழக்கம்) போட்டு மறுபடி மிக்ஸ் பண்றது தான் டப்.

எப்படி ஆரம்பிச்சதுன்னு ஒரு கதை சொல்வாங்க. ரூடி ரெட்வுட்னு ஒருத்தர், ஸ்பானிஷ் டவுன்ல சவுண்ட் சிஸ்டம் வச்சிருந்தவர், அதாவது நம்ம ஊர்ல மைக்செட் போடுறவங்க மாதிரி பெரிய பெரிய ஸ்பீக்கர் அடுக்கி தெருவுல டான்ஸ் நடத்துறவர். 1968 வாக்குல ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோல தி பாரகான்ஸ் குழுவோட ஒரு பாட்டை தட்டுல வெட்டும்போது இன்ஜினியர் குரல் டிராக்கை போட மறந்துட்டாராம், ரெட்வுட் அதை தூக்கிப் போடாம ராத்திரி டான்ஸ்ல முதல்ல பாட்டை போட்டு அப்புறம் குரல் இல்லாத தட்டை போட, கூட்டம் மொத்தமும் தானே பாட ஆரம்பிச்சிருச்சாம். அதுக்கப்புறம் 45 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் வெர்ஷன்னு போடுறது வழக்கமாச்சு. அந்த வெர்ஷன் வளர்ந்து தான் டப் ஆச்சு.

கிங் டப்பி கிங் டப்பினு எல்லாரும் சொல்றாங்களே, அவர் பாடகரா?

இல்ல, அவர் பாடினதும் இல்ல, வாசிச்சு பேர் வாங்கினவரும் இல்ல. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரட்டக். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பண்றவர், ஆம்ப்ளிஃபையர் கட்டுறவர், டிரான்ஸ்ஃபார்மர் சுத்துறவர். கிங்ஸ்டன் வாட்டர்ஹவுஸ் பகுதியில ட்ரோமிலி அவென்யூல இருந்த வீட்லயே சின்ன ஸ்டூடியோ வச்சிருந்தார், குளியலறையை குரல் பதிவு பண்ற ரூமா மாத்தியிருந்தார். டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோல இருந்து வாங்கின ஒரு பழைய 4 டிராக் மிக்சர், அதாவது தனித்தனியா பதிவான நாலு சத்தத்தை கூட்டி குறைச்சு கலக்குற மெஷின் தான் அவரோட கருவி. அதுல ஒரு பெரிய குமிழ் இருக்கும், அதை திருகினா கீழ இருக்குற பேஸ் சத்தம் எல்லாம் படிப்படியா வெட்டுப்பட்டு வெறும் தகரச் சத்தம் மாதிரி ஆயிடும், திடீர்னு விட்டா பேஸ் மொத்தமா திரும்பி வந்து நெஞ்சுல உட்காரும். அந்த ஒரு குமிழை வச்சு அவர் பண்ணினத இன்னைக்கும் கம்ப்யூட்டர்ல காப்பி அடிச்சிட்டு இருக்காங்க.

ஒரு விஷயம் கவனிங்க, ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் கையால கட்டின மனுஷன் தான் அந்த மிக்சர் முன்னாடி உட்கார்ந்தார். பேஸ் எவ்வளவு கீழ போகலாம், எங்க போனா ஸ்பீக்கர் திணறும்னு அவருக்கு விரல்நுனில தெரியும். 1989 பிப்ரவரில அவரை வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க. 48 வயசு தான்.

டப்பும் டப்ஸ்டெப்பும் ஒண்ணா?

இல்ல. டப்ஸ்டெப் 2000 வாக்குல தெற்கு லண்டன்ல வந்தது. ஆரம்பகால டப்ஸ்டெப்ல டப்போட சாயல் நல்லாவே இருக்கு, ஆனா அந்த பேர்ல பின்னாடி பெருசா ஓடினது இரும்பு அறுக்குற மாதிரி சத்தம், அதுல ஓய்வு தேடி போகாதீங்க.

பேஸ்லைன் பேஸ்லைன்னு சொல்றீங்க, எனக்கு தும் தும்னு தானே கேக்குது?

இந்த கேள்விக்கு தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன், ஏன்னா எனக்கும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் கேட்டுச்சு. நான் அப்போ ஒரு வூஃபர் செட் வச்சிருந்தேன், நல்லா அதிரும், ஜன்னல் கம்பி ஆடும், ஆனா எந்த பாட்டு போட்டாலும் கீழ ஒரே சுரம் தான் வரும். ஒரு நாள் ஃப்ரெண்ட் ஒருத்தன் அவனோட நல்ல ஹெட்போனை மாட்டிவிட்டு அகஸ்டஸ் பாப்லோ ஆல்பம் ஒண்ணை போட்டான். கீழ ஒரு ஆள் பாடிட்டு இருக்கார்னு அன்னைக்கு தான் தெரிஞ்சது. அது தும் தும் இல்ல, சுரம் மாறுது, நடுவுல நிக்குது, யோசிக்குது, திரும்ப வருது. நான் அத்தனை நாள் கேட்டது என் பெட்டியோட சத்தத்தை, பாட்டை இல்ல.

இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டாரை தனியா கவனிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். மேல குரல் ஒரு மெட்டுல போகும், கீழ பேஸ் வேற ஒரு மெட்டுல போய் ரெண்டும் ஒரு இடத்துல சந்திக்கும்ல, அந்த காது உங்களுக்கு இருந்தா டப்புக்கு பாதி வழி வந்துட்டீங்க. வித்தியாசம் என்னன்னா ராஜா பாட்டுல பேஸ் நிறைய அலையும், டப்ல ரெண்டு பார் இல்ல நாலு பார் (ஒரு பார்னா நாலு அடி) நீளத்துல ஒரு சின்ன மெட்டு, அது மட்டும் நாலு நிமிஷம் சுத்தி சுத்தி வரும். அந்த மெட்டு தான் பாட்டோட முதுகெலும்பு. ஜமைக்கால அந்த பேஸும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளத்தை ரிடிம்னு சொல்வாங்க, ஒரே ரிடிம் மேல பத்து இருபது பாடகர்கள் வேற வேற பாட்டு பாடுவாங்க.

இன்னொன்னு, தாளம். ரெகேல ரொம்ப பிரபலமான அடி ஒன் டிராப். நாலு அடில முதல் அடி காலி, பெரிய டிரம்மும் ஸ்னேர்ங்கிற சின்ன டிரம்மும் மூணாவது அடில தான் விழும். நம்ம காது முதல் அடிய எதிர்பார்த்து காத்திருக்கும், அங்க ஒண்ணும் இருக்காது. பேஸ் பல சமயம் அந்த காலி இடத்தை விட்டுட்டு கொஞ்சம் தள்ளி உள்ள வரும். நாற்காலில சாஞ்சு உட்கார்ற மாதிரி ஒரு தளர்வு உடம்புக்கு வர்றது அந்த இடத்துல தான்னு நான் நம்புறேன்.

கேட்டு பழக ஒரு வழி சொல்றேன். ஒரு பாட்டை எடுங்க, முதல் தடவை பேஸை மட்டும் வாயால முணுமுணுத்துட்டே கேளுங்க, வேற எதையும் கவனிக்காதீங்க. ரெண்டாவது தடவை அது எங்க *நிக்குது*ன்னு பாருங்க. மூணாவது தடவை பேஸ் மொத்தமா காணாம போற இடம் ஒண்ணு வரும், அங்க உங்களுக்கு கால் தரைல இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் அது திரும்பி வரும்போது ஏன் இத்தனை பேர் இந்த இசைக்கு அடிமைன்னு புரியும்.

ரிலாக்ஸ் ஆகணும், எதுல ஆரம்பிக்கிறது?

அகஸ்டஸ் பாப்லோ. யோசிக்காம இவர்ல ஆரம்பிங்க. மெலோடிகான்னு ஒரு வாத்தியம், வாயால ஊதி கட்டையை அழுத்தி வாசிக்கிறது, ஸ்கூல் பசங்களுக்கு இசை சொல்லிக் கொடுக்க வச்சிருந்த ஒண்ணு, அதை எடுத்து இவ்வளவு ஏக்கமா வாசிக்க முடியும்னு காட்டினவர் அவர். 70கள் கடைசில வந்த ஈஸ்ட் ஆஃப் தி ரிவர் நைல் ஆல்பம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல கேட்க செஞ்ச மாதிரியே இருக்கும், மைனர் ஸ்கேல், மெதுவான நடை, கீழ வெதுவெதுன்னு பேஸ். அதுக்கு அப்புறம் 1976ல வந்த கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன். பாப்லோ தயாரிச்சது, டப்பி மிக்ஸ் பண்ணினது. கொஞ்சம் கூர்மையா இருக்கும், எக்கோல டிரம்ஸ் தெறிக்கும், ஆனா பேஸ் அசையாம நிக்கும்.

அடுத்து 1974ல வந்த கீத் ஹட்சனோட பிக் எ டப். டப்னே தனியா ஆல்பமா வந்ததுல ரொம்ப ஆரம்பகாலத்துது. இதுல பெருசா வித்தை ஒண்ணும் இல்ல, வெறும் டிரம்ஸ், பேஸ், நடுநடுவுல ரெண்டு வார்த்தை, கிட்டார் கீற்று. பேஸ் கேட்டு பழகணும்னா இதை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பர்னிங் ஸ்பியர் பாடின மார்கஸ் கார்வி ஆல்பத்தோட டப் வடிவம் கார்வீஸ் கோஸ்ட், 1976. முதல்ல பாட்டு ஆல்பம், அடுத்த நாள் டப் ஆல்பம்னு கேட்டீங்கன்னா எதை எடுத்துட்டாங்க, எதை விட்டுவச்சாங்கன்னு தெளிவா தெரியும்.

லீ ஸ்க்ராட்ச் பெர்ரியோட சூப்பர் ஏப், அதுவும் 1976 தான். அவர் வீட்டுக்கு பின்னாடி கட்டின ப்ளாக் ஆர்க் ஸ்டூடியோல வெறும் 4 டிராக் டேப் மெஷினை வச்சு அடுக்கு மேல அடுக்கா பதிவு பண்ணினது. அதனால சத்தம் கொஞ்சம் மங்கலா, ஈர மண்ணு மாதிரி, மழைக்காலத்து காடு மாதிரி இருக்கும். சிலருக்கு முதல் தடவை பிடிக்காது, தெளிவே இல்லையேன்னு சொல்வாங்க. விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க.

ராத்திரி கேட்க எதை தவிர்க்கணும்?

டப் எல்லாமே அமைதியா இருக்கும்னு நினைக்காதீங்க. சைரன், துப்பாக்கி சத்தம், திடீர்னு வர்ற அலறல் எல்லாம் இருக்குற டப் நிறைய உண்டு, அதெல்லாம் டான்ஸ் கூட்டத்தை உசுப்பேத்த செஞ்சது. சயின்டிஸ்ட்னு பேர் வச்சுக்கிட்ட ஹோப்டன் பிரௌன் இருக்காரே, டப்பிகிட்ட வேலை கத்துக்கிட்டவர், அவரோட பேர்லயே ரத்தக்காட்டேரி (வாம்பயர்ஸ்) இருக்குற 1981 ஆல்பம் பேஸ்லைனுக்கு தங்கச்சுரங்கம், ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவோட ஃப்ளாபா ஹோல்ட் வாசிச்ச பேஸ், நிதானமா சிங்கம் நடக்குற மாதிரி இருக்கும், ஆனா நடுநடுவுல பேய் குரல் வரும். பகல்ல கேளுங்க. (ஜிடிஏ 3 கேம் விளையாடினவங்களுக்கு இந்த பாட்டெல்லாம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், அந்த கார் ரேடியோல ஓடின ரெகே ஸ்டேஷன்ல இந்த ஆல்பம் தான் ஓடும்.)

ஸ்டெப்பர்ஸ்னு சொல்ற வகையும் அப்படித்தான், ஒவ்வொரு அடிக்கும் பெரிய டிரம் விழும், நடக்க வைக்கும், ஆட வைக்கும், படுக்க விடாது.

தேடினா வர்றதெல்லாம் ஒரே குப்பையா இருக்கே, எப்படி தேடுறது?

வெறுமனே டப்னு அடிச்சா டப்பிங் படம் வரும், ரிலாக்சிங் டப்னு அடிச்சா மூணு மணி நேர மிக்ஸ் வரும், அதுல பாதிக்கு மேல யார் வாசிச்சது, எந்த வருஷம், எந்த ஸ்டூடியோன்னு ஒண்ணுமே இருக்காது. நான் சொல்ற வழி ஒண்ணே ஒண்ணு தான், பாடகர் பேரை தேடாதீங்க, பேஸ் வாசிச்சவர் பேரையும் மிக்ஸ் பண்ணினவர் பேரையும் தேடுங்க. சினிமா பாட்டுல பாடினவரை விட இசையமைப்பாளர் யாருன்னு பார்த்து கேட்குற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு, அதே மாதிரி தான் இதுவும், இங்க மிக்சர் முன்னாடி உட்கார்றவர் தான் இசையமைப்பாளர் மாதிரி.

பேஸ் பக்கம் முதல்ல ஆஸ்டன் பாரெட், ஃபேமிலி மேன்னு கூப்பிடுவாங்க. பாப் மார்லியை நீங்க கேட்டிருந்தா இவரை கேட்டிருக்கீங்க, வெய்லர்ஸ் குழுவோட பேஸ் இவர், டிரம்ஸ் இவர் தம்பி கார்ல்டன். மேல சொன்ன ஹட்சன் ஆல்பம், பாப்லோ ஆல்பம் எல்லாத்துலயும் இவர் கை இருக்கு. 2024 பிப்ரவரில தவறிட்டார். இவர்கிட்ட கத்துக்கிட்டவர் ராபி ஷேக்ஸ்பியர், ஸ்லை அண்ட் ராபின்னு டிரம்ஸ்காரர் ஸ்லை டன்பரோட ஜோடியா கணக்கே இல்லாம வாசிச்சவர், 2021 டிசம்பர்ல போயிட்டார். லெராய் சிபில்ஸ், ஸ்டூடியோ ஒன்ல 60கள் கடைசில வாசிச்சவர், இன்னைக்கும் சுத்திட்டு இருக்குற பல ரிடிம்ல இருக்குற பேஸ் மெட்டு அவரோடது. அப்புறம் சொன்னேனே ஃப்ளாபா ஹோல்ட்.

மிக்ஸ் பக்கம் டப்பி, அவர்கிட்ட கத்துக்கிட்ட ப்ரின்ஸ் ஜாமி, சயின்டிஸ்ட், அந்த பக்கம் ஜோ கிப்ஸ் ஸ்டூடியோல இருந்த எரல் தாம்ப்சன், அப்புறம் பெர்ரி. இந்த ஒன்பது பேர் பேரை வச்சே ரெண்டு வருஷம் ஓட்டலாம்.

ஆல்பம் பேர்லயும் துப்பு கிடைக்கும். கடைசில இன் டப்னு முடிஞ்சா அது பெரும்பாலும் ஒரு பாட்டு ஆல்பத்தோட டப் வடிவம். நடுவுல மீட்ஸ்னு இருந்தா ரெண்டு பேர் சேர்ந்து இல்ல எதிரெதிரா பண்ணினது. வெர்ஷன்னு இருந்தா அந்த பாட்டோட குரல் இல்லாத வடிவம். ஷோகேஸ்னு இருந்தா எனக்கு ரொம்ப பிடிச்சது அது தான், முதல்ல பாட்டு முழுசா வரும், நிக்காம அப்படியே அதோட டப்புக்குள்ள போயிடும், ஒவ்வொண்ணும் ஏழு எட்டு நிமிஷம் போகும். நியூயார்க் ப்ராங்க்ஸ் பகுதியில லாயிட் பார்ன்ஸ் நடத்தின வாக்கீஸ் லேபிள்ல (லேபிள்னா தட்டு வெளியிடுற கம்பெனி) இந்த மாதிரி நிறைய கிடைக்கும். அதுல ஹாரஸ் ஆண்டி பாடின டான்ஸ் ஹால் ஸ்டைல்னு 80கள் ஆரம்பத்துல வந்த ஒண்ணு இருக்கு, பேர பார்த்து ஆட்டப்பாட்டுன்னு நினைச்சுடாதீங்க, அவ்வளவு இருட்டான, அவ்வளவு ஆழமான பேஸ் ரொம்ப அபூர்வம்.

இன்னொரு வழி, உங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச ஒரு ரெகே பாட்டை எடுத்து அதோட டப் எதுன்னு தேடுறது. ஜேக்கப் மில்லர் பாடின பேபி ஐ லவ் யூ ஸோன்னு ஒரு காதல் பாட்டு, அதோட டப் தான் மேல சொன்ன கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன் ஆல்பத்துல அதே பேர்ல இருக்குற பாட்டு. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு பாருங்க, குரல் அரை வார்த்தைல அறுந்து எக்கோல கரையும், ஆனா அந்த காதல் அப்படியே தான் இருக்கும்.

அந்த மூணு மணி நேர மிக்ஸ் எல்லாம் தப்பா? வேலை பார்க்கும்போது வசதியா இருக்கே.

தப்புன்னு சொல்லல. நல்லா தெரிஞ்ச ஒருத்தர் தட்டுகளை கோர்த்து, பாட்டு பேர் பட்டியலோட போட்டிருந்தா அதை விட நல்ல வழிகாட்டி இல்ல, பிடிச்ச இடத்துல நிறுத்தி பேரை பார்த்து முழு ஆல்பத்துக்கு போயிடலாம். பேரே இல்லாம கடல் படம், தென்னை மரம் படம் போட்டு வர்றதை நான் கேட்குறதில்ல. வாசிச்சவங்க நிறைய பேர் காசு பெருசா பார்க்காமலே செத்துட்டாங்க, பேராவது வரணும்.

ஜமைக்காவுக்கு வெளிய யாரை கேட்கலாம்?

இங்கிலாந்து தான் அடுத்த வீடு, ஏன்னா கரீபியன்ல இருந்து போய் குடியேறினவங்க சவுண்ட் சிஸ்டத்தையும் கூடவே கொண்டு போனாங்க. கயானால பிறந்த மேட் ப்ரொஃபஸர் லண்டன்ல அரீவான்னு ஸ்டூடியோ வச்சவர், அவர் 1995ல மாஸிவ் அட்டாக் குழுவோட ஒரு ஆல்பத்தை முழுசா டப் பண்ணி நோ ப்ரொடெக்ஷன்னு போட்டார். ரெகேயே கேட்காதவங்களுக்கு கூட நான் இதை தைரியமா கொடுப்பேன், மெதுவா, குளிர்ச்சியா, ராத்திரி பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்குற மாதிரி இருக்கும். டென்னிஸ் போவெல் மிக்ஸ் பண்ணின எல்கேஜே இன் டப், 1980, கவிஞர் லிண்டன் க்வேசி ஜான்சனோட ஆல்பங்கள்ல இருந்து எடுத்தது. கவிதை போயிடும், அதுக்கு கீழ ஓடின பேஸ் மட்டும் நிக்கும், அதுவே பேசுற மாதிரி இருக்கும்.

பெர்லின்ல வேற ஒரு பாதை. மார்க் எர்னெஸ்டஸ், மோரிட்ஸ் வான் ஆஸ்வால்ட்னு ரெண்டு பேர், பேசிக் சேனல்ங்கிற பேர்ல டெக்னோ (கிளப்ல ஓடுற எலக்ட்ரானிக் ஆட்ட இசை) பண்ணிட்டு இருந்தவங்க, அப்புறம் ரிதம் அண்ட் சவுண்ட்ங்கிற பேர்ல ரெகேக்கு வந்தாங்க. தூங்குறதுக்கு முன்னாடி கேட்க இதுக்கு மேல ஒண்ணு எனக்கு தெரியாது. சேர்ந்து ஒலிக்குற ரெண்டு மூணு சுரம், அதோட நிழல், தேய்ஞ்ச தட்டு சத்தம் மாதிரி ஒரு இரைச்சல், அடியில தரையோட தரையா ஊர்ற பேஸ், பத்து நிமிஷம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும், ஆனா நடந்துட்டே இருக்கும். வாக்கீஸ் தட்டுகளை 2000த்துக்கு அப்புறம் மறுபடி அச்சடிச்சு நம்ம கைக்கு கிடைக்க வச்சதும் இவங்க தான். அதே ஊர்ல போல்னு ஒருத்தர், அவரோட வால்டார்ஃப் 4 போல் ஃபில்டர், அதாவது சத்தத்தை வடிகட்டுற கருவி, கீழ விழுந்து பழுதாகி படபடன்னு ஒரு சத்தம் கொடுக்க ஆரம்பிச்சது, அந்த சத்தத்தையே தாளமா வச்சு ஆல்பம் பண்ணினார், பேரும் அதுல இருந்து வந்தது தான்.

நியூசிலாந்து வெலிங்டன்ல இருந்து ஃபேட் ஃப்ரெடீஸ் டிராப், 2005ல வந்த முதல் ஸ்டூடியோ ஆல்பம். இதுல பாட்டு இருக்கு, ட்ரம்பெட் இருக்கு, ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது வீட்ல எல்லாருக்கும் பிடிக்கும்.

போன் ஸ்பீக்கர்ல கேட்கலாமா?

வேண்டாம். பேஸ் கிட்டாரோட கடைசி தந்தி திறந்து அடிச்சா 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55. போன்ல இருக்குற நகத்தளவு ஸ்பீக்கரால அந்த பக்கமே போக முடியாது. மேல வர்ற துணை அதிர்வுகளை வச்சு மூளை ஓரளவு ஊகிச்சுக்கும், அதனால தான் போன்ல கேட்டாலும் ஏதோ பேஸ் இருக்குற மாதிரி தோணும், ஆனா உடம்புக்கு ஒண்ணும் வராது. பாட்டோட முக்கால்வாசியை வெளிய வச்சுட்டு கேட்குற மாதிரி.

காசு அதிகம் செலவு பண்ண வேண்டாம். காதுக்குள்ள போடுற இயர்போனே போதும், ஆனா ரப்பர் முனை காதை சரியா அடைக்கணும், சின்னதா இடைவெளி இருந்தா கூட பேஸ் எல்லாம் அந்த வழியா ஓடிடும். பெட்டில கூடவே வர்ற மூணு சைஸையும் மாத்தி மாத்தி போட்டு பாருங்க, ரெண்டு காதுக்கும் வேற வேற சைஸ் கூட தேவைப்படலாம். பேஸே வரலன்னு புது இயர்போன் வாங்கப்போன ரெண்டு பேருக்கு நான் முனையை மட்டும் மாத்திக் கொடுத்திருக்கேன்.

வீட்ல வூஃபர் இருக்கு, ஆனா நீங்க சொன்ன மாதிரி ஒரே சுரமா தான் கேக்குது?

முதல்ல மூலைல இருந்து வெளிய எடுங்க. சுவரும் சுவரும் சேர்ற இடத்துல வச்சா பேஸ் ஊதிப்போகும், அதுவும் எல்லா சுரமும் சமமா ஊதாது, ரூம் அளவுக்கு ஏத்த ஒண்ணு ரெண்டு சுரம் மட்டும் ஊதும். 41 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை நீளமே 8 மீட்டருக்கு மேல, நம்ம ரூமை விட பெருசு, அதனால சுவர்ல மோதி திரும்பி ஒரு இடத்துல கூடும், ஒரு இடத்துல காணாமலே போகும். ஒரு சுலபமான வழி இருக்கு, வூஃபரை தூக்கி நீங்க வழக்கமா உட்கார்ற சேர்ல வைங்க, நல்ல பேஸ்லைன் உள்ள பாட்டை ஓடவிட்டு ரூமை சுத்தி குனிஞ்சு நடந்து பாருங்க, எந்த இடத்துல எல்லா சுரமும் ஒரே அளவுல கேக்குதோ அங்க வூஃபரை வச்சுட்டு நீங்க போய் சேர்ல உட்காருங்க. அப்புறம் வூஃபர் வால்யூமை பாதியா குறைங்க. நம்ம ஊர் செட் எல்லாம் பாதிக்கு மேல வச்சா குழையும்.

பேஸ் பூஸ்ட் பட்டன் இருந்தா அணைச்சுடுங்க. டப்ல தேவையான பேஸை ஏற்கனவே இன்ஜினியர் போட்டுட்டார், நாம மேல போடுறது எல்லாம் சேறு தான்.

பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்க.

அவங்க பக்கம் நியாயம் இருக்கு. கீழ் அதிர்வு சுவரை சுலபமா தாண்டும், உங்க வீட்ல பாட்டா கேக்குறது அவங்க வீட்ல வெறும் இடியா தான் போய் சேரும். வூஃபருக்கு அடியில கனமான ரப்பர் பாயோ தடிமனான ஃபோமோ போட்டா தரை வழியா போற அதிர்வு கொஞ்சம் குறையும், காத்து வழியா போறது குறையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஹெட்போன் தான்.

சத்தம் குறைச்சு வச்சா பேஸே கேக்கல, கூட்டினா காது வலிக்குது, என்ன பண்றது?

மனுஷ காது அப்படித்தான், சத்தம் குறைய குறைய மத்ததை விட பேஸ் தான் முதல்ல மங்கும். அதனால அமைதியான ரூம்ல, ஃபேன் சத்தம் கம்மியா இருக்கும்போது நடுத்தர அளவுல கேளுங்க. உலக சுகாதார அமைப்பு சொல்றது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலுக்குள்ள. மெட்ரோலயோ பஸ்லயோ வெளிச்சத்தத்தை தாண்டணும்னு முழுசா கூட்டாதீங்க, அங்க காதை நல்லா அடைக்குற இயர்போன் தான் வழி, இல்லன்னா வீட்டுக்கு வந்து கேட்டுக்கலாம், பாட்டு எங்கயும் ஓடிப்போகாது.

எல்லா பாட்டும் ஒரே மாதிரி இருக்கே?

ஒரு வாரம் ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் கேளுங்க. டப் மாறுறது மெட்டுல இல்ல, இடத்துல. பியானோ ஒரு தடவை வந்துட்டு போன இடம், ஸ்னேர் அடி ஒண்ணு மட்டும் எக்கோல தள்ளாடி தூரமா போற இடம், எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் தனியா நடக்குற எட்டு அடி. அதுவும் அவங்க இதை திட்டம் போட்டு எழுதி வச்சு பண்ணல, டேப் ஓட ஓட மிக்சர்ல கை வச்சு நேரடியா பண்ணினது, கச்சேரில நிரவல் பண்ற மாதிரி அந்த நிமிஷத்துல தோணினது. அதே ரிடிமை அதே இன்ஜினியர் அடுத்த நாள் மிக்ஸ் பண்ணினா வேற மாதிரி வரும், வந்திருக்கு.

கஞ்சா அடிச்சா தான் டப் புரியும்னு சொல்றாங்களே?

பொய். நான் டீ குடிச்சுட்டு தான் கேட்குறேன், பேஸ் நல்லாவே கேக்குது.

தூக்கம் வர்றதுக்கு போடலாமா?

போடலாம், ஆனா குரல் கம்மியா, திடீர் சத்தம் இல்லாததா பார்த்து எடுங்க, தூங்குற நேரத்துக்கு முன்னாடியே ஒரு தடவை முழுசா கேட்டு சோதிச்சுக்கோங்க. என் வரிசை இது தான், முதல்ல பாப்லோவோட நைல் ஆல்பம், விளக்கை அணைச்ச பிறகு ரிதம் அண்ட் சவுண்ட், டைமர் 40 நிமிஷம். இயர்போன் மாட்டிட்டு தூங்காதீங்க, சின்ன ஸ்பீக்கரை கட்டில்ல இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி, மர மேஜை மேல வைங்க. என் வீட்டு மேஜை பழைய தேக்கு, பேஸ் அதுல இறங்கும்போது பலகைல கை வச்சா ஒவ்வொரு சுரமும் உள்ளங்கைல தனித்தனியா தெரியும், எட்டு வயசு பொண்ணு தினமும் கை வச்சுட்டு தான் தூங்கப்போவா.